பந்தயமும் மௌனமும்

1919-ம் வருடம் அமெரிக்காவில் நடந்த பேஸ்பால் உலகத் தொடரில் சிக்காகோ அணியே வெல்லுமெனப் பலர் ஆரூடம் கூறிப் பணம் கட்டினர். வென்றதோ சின்சினாட்டி அணி! சூதாடிகளுடன் கூடித் தோற்கச் சதி செய்ததாகச் சிக்காகோ ஆட்டக்காரர் எண்மர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. 1921-ல் ஜூரிகள் விடுவித்தும், அவர்கள் வாழ்நாள் முழுதும் ஆட்டத்தினின்றும் விலக்கப்பட்டனர். அவர்களில் பக் வீவர் என்பவர் திறம்படவே ஆடியவர். சதியை அறிந்தும் வாய் திறவாததே அவர் குற்றம்!

மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. மதுவையும் சூதையும் அல்மாயிதா அத்தியாயத்தில் அவன் ஒருசேர விலக்கியுள்ளான். நம் வீட்டுப் பிள்ளை பந்தயம் கட்டுவதை அறிந்தும் நாம் வாளாவிருக்கலாமா? இன்றே அன்புடன் தடுப்போமாக! வல்ல நாயன் அருள்புரிவானாக, ஆமீன்.