பழமையும் பாத்தியதையும்

பழமை வாய்ந்த நகரொன்றைக் காணச் செல்வோரின் கடன், அதன் அழகை வியந்து மீள்வதோடு முடிந்துவிடுகின்றதா? அவ்வழகைச் சமைத்தவர் யாவர், அவர்தம் வழிவந்தோர் இன்று எங்குளர் என வினவும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டா? இவ்வினா நூல்களைப் படித்தமையால் என்னுள் எழுந்ததன்று. தோழி ஒருத்தி விளையாட்டாகக் கேட்ட கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல இயலாது நான் நின்ற வேளையிலே எழுந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் ஓர் அரையாண்டுப் பருவம் ஸ்பெயின் நாட்டிற் கற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்தவளுக்கு அது எத்தகைய வாய்ப்பு என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. குளிருக்கு மட்டும் நான் அஞ்சவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கலாம். நமுனுகுலை மலைச்சாரலின் மார்கழி அதற்கு என்னை முன்னரே பழக்கியிருந்தது.

மட்ரிட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டொலிடோ நகருக்கு ஒரு சனிக்கிழமை சென்றிருந்தோம். தாகூஸ் ஆறு மூன்று புறமும் வளைந்தோடக் குன்றின் மேல் அமர்ந்த நகரம் அது. கல் பாவிய ஒடுங்கிய தெருவொன்றில் நடந்துகொண்டிருந்தபோது, தன் பாட்டியாரின் வீடு நூற்றிருபது ஆண்டுப் பழமையுடையது என அந்நாட்டுத் தோழி பெருமையோடு கூறினாள். பின்னர் என் பக்கம் திரும்பி, “உங்கள் வீட்டுக்கு எத்தனை வயது?” என்றாள். “நூறு ஆண்டுக்கு மேல் இருக்கும்” என்றேன். “எவ்வளவு பாக்கியசாலி நீ!” என்று அவள் வியந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. ஆயினும் பொய் சொன்னவளைப் போலக் கூசி நின்றேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, தகரக் கூரை, அடுத்த காம்பராவில் இருமுவது இங்கே கேட்கும் சுவர்: இதனை அவளுக்கு எப்படி விளக்குவது? அவளுடைய பழமை பெருமையாகவும் என்னுடைய பழமை நாணமாகவும் ஆனது எதனால்? கல்லின் வேறுபாடோ கலையின் வேறுபாடோ அதற்குக் காரணமன்று என்பதே என் கருத்து. அவளுடைய பாட்டியார் அவ்வீட்டுக்கு உரியவர். என் அப்பாயி தன் வீட்டில் எழுபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தும் அதற்கு உரியவரல்லர். பாத்தியதை உள்ள இடத்திலே பழமை செல்வமாகின்றது. அஃது இல்லாத இடத்திலே வெறும் சிதைவாகின்றது.

அன்று பிற்பகல் நாங்கள் பார்த்த கட்டடம் இச்சிந்தனையை வேறொரு திசைக்குத் திருப்பிற்று. அது 14 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காஸ்தில் மன்னனின் நிதிப் பொறுப்பாளராயிருந்த சாமுவேல் ஹலேவி என்னும் யூதர் எழுப்பிய தொழுகைக்கூடம். சுவரெங்கும் நுண்ணிய சுதை வேலைப்பாடு. அதனிடையே எபிரேய எழுத்துகள். 1492 மார்ச் 31 இல் பிறந்த அரச கட்டளை, கிறித்தவத்தை ஏற்காத யூதர் அனைவரும் ஜூலை முடிவதற்குள் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்றது. பொன்னும் வெள்ளியும் நாணயமும் கொண்டுசெல்லலாகாது என்றது. அவர்கள் சென்றனர், தொழுகைக்கூடம் கிறித்தவ ஆலயமாயிற்று. நெடுங்காலத்தின் பின், 1964 ஆம் ஆண்டில், அங்கே யூதப் பண்பாட்டு அருங்காட்சியகம் நிறுவப்பட்டது.

அவ்வாண்டைக் கேட்டதும் நான் திடுக்குற்றேன். எங்கள் குடும்பத்தில் வேறெந்த ஆண்டு நினைவிலில்லாவிடினும் 1964 நினைவிலிருக்கும். அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களைப் பங்கு பிரித்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்களை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பகிரப்பட்டோரின் விருப்பத்தை எவரும் முன்கூட்டிக் கேட்டறியவில்லை. ஒரு நாடு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தான் துரத்தியவர்க்கு அருங்காட்சியகம் அமைத்த அதே ஆண்டில், என் நாடும் அண்டை நாடும் மக்களை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தன.

என் பாட்டனாரின் தமையனார் எழுபதுகளில் குடும்பத்தோடு சென்றவர். பதுளையிற் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, நீலகிரி மாவட்டத்திலே, தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலொன்றிற் குடியமர்ந்தார். இங்கே இந்தியாக்காரராயிருந்தவர் அங்கே சிலோன்காரரானார். ஸ்பெயினை விட்டு நீங்கிய யூதர் தம் வீட்டுத் திறவுகோல்களைக் கொண்டுசென்று தலைமுறை தலைமுறையாகப் பேணினர் என்றொரு கதை உண்டு. அதனைக் கேட்டபோது, பெரியபாட்டனார் எதனைக் கொண்டு சென்றிருப்பார் என எண்ணிப் பார்த்தேன். காம்பராவின் கதவு தோட்டத்துக்குரியது. திறவுகோலும் அவ்வாறே. கொண்டுசெல்லத் திறவுகோல் கூட இல்லாதவரின் பிரிவைப் பற்றிக் கதை எதுவும் எழவில்லை.

கோர்டோபாவைப் பற்றிச் சுருங்கக் கூறுவேன். அங்குள்ள பெரும் பள்ளிவாசல் 785 ஆம் ஆண்டளவிற் தொடங்கப்பட்டது. எண்ணூறுக்கு மேற்பட்ட தூண்கள். அவற்றின் மேல் செம்மையும் வெண்மையும் மாறிமாறி வரும் வளைவுகள். அத்தூண்களிற் பல, முன்னைய உரோமக் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவை. நடுவே, 1523 இல் வேலை தொடங்கிய தேவாலயம் நிமிர்ந்து நிற்கின்றது. இந்நகரிற் பிறந்த மைமோனிடிஸ் என்னும் யூத மெய்யியலாளரின் குடும்பத்தை வெளியேறச் செய்தவர் 1148 இல் நகரைக் கைப்பற்றிய அல்மொஹாத் முஸ்லிம்கள். இதே நகரிற் பிறந்த முஸ்லிம் மெய்யியலாளர் இப்னு ருஷ்த் 1195 இல் தம் சமயத்து அரசனாலேயே நாடு கடத்தப்பட்டார். ஆகவே துரத்துதல் ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தன்று. தூய உரிமை பாராட்டத்தக்க பழமை உலகில் எங்கேனும் உண்டா என்ற ஐயம் அத்தூண்களிடையே நின்றபோது எனக்கு உண்டாயிற்று.

அவ்வையத்தை என்னோடு எடுத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். ஊவாவின் தேயிலை மலைகளும் வெற்று நிலத்தில் எழுந்தவையல்ல. 1817–18 கிளர்ச்சி நசுக்கப்பட்ட மண் இது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், கிராமத்தார் சேனை செய்த நிலங்களை அரசின் உடைமையாக்கித் தோட்டக்காரர்க்கு விற்க வழி செய்தது. எங்கள் முன்னோர் அந்நிலத்தைப் பறித்தவரல்லர்; பறிக்கப்பட்ட நிலத்தில் நடப்பட்டவர். கோர்டோபாவின் தூண்களைப் போல, வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து வேறொருவரின் கூரையைத் தாங்க நிறுத்தப்பட்டவர். இதனை மறந்துவிட்டு எமது துயரை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இனி, வினாவுக்கு வருவோம். 2015 ஆம் ஆண்டில் ஸ்பெயின் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. 1492 இல் வெளியேற்றப்பட்ட யூதரின் வழித்தோன்றல்கள், ஸ்பானிய மொழியிலும் பண்பாட்டிலும் தேர்வெழுதித் தேறினால், தம் இன்றைய குடியுரிமையைக் கைவிடாமலே ஸ்பானியக் குடியுரிமை பெறலாம் என்றது அச்சட்டம். விண்ணப்பிக்கும் காலம் 2019 இல் முடிவுற்றது. ஆயின் 1609 முதல் 1614 வரை வெளியேற்றப்பட்ட மொரிஸ்கோக்களின் சந்ததியினர்க்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற முஸ்லிம்களின் வழிவந்தோரான அவர்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் எனக் கணிப்பர். ஒருவர்க்கு இரங்கி இன்னொருவர்க்கு இரங்காதது என்ன நீதி என்று கருத்தரங்கொன்றில் நான் கேட்டேன். அங்கிருந்த ஆசிரியர் அமைதியாக மறுமொழி தந்தார். “எவரும் தாம் செய்யாத குற்றத்துக்குப் பொறுப்பாளியல்லர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததற்கு இன்றைய மாணவன் ஏன் தலைகுனிய வேண்டும்?” என்றார்.

இம்மறுப்பு வலியது. பல நாள் இதற்கு விடை காணாது உழன்றேன். குற்றம் மரபுவழி வருவதில்லை என்பதை நானும் ஒப்புகின்றேன். ஒப்பாவிடின் நாளை என் பிள்ளையும் யாரோ ஒருவனின் பழிக்கு ஆளாவாள். ஆனால் மரபுவழி வருவது குற்றம் மட்டுந்தானா? நம்மூரில், தகப்பனின் காணியை ஏற்கும் மகன் அக்காணி மீதுள்ள ஈட்டையும் ஏற்கின்றான். கடன் வாங்கியவன் நானல்லேன் எனக் கூறிக் காணியை மட்டும் வைத்துக்கொள்ள ஊரார் விடார். டொலிடோவின் அழகை, அதனாற் பெறும் புகழை, நுழைவுச் சீட்டின் வருவாயை இன்றையோர் ஏற்றுக்கொண்டுள்ளனர். அவ்வாறாயின், அதனைச் சமைத்தோர்க்குச் செலுத்தப்படாத கடனும் அதனோடு வந்து சேர்கின்றது. அதனைக் குற்றவுணர்ச்சி என்று கூறாது, வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த செய்ந்நன்றியறிதல் என்று கூறினால் பொருத்தமாயிருக்கும். செய்தவன் இறந்தாற் பழி இறக்கலாம். பயன் நின்று நிலவும் வரையில் நன்றிக்கடன் இறவாது.

இவ்வளவுகோலைப் பதுளைக்குப் பொருத்திப் பார்த்தேன். விடுமுறைக்குப் புகையிரதத்தில் வரும்போது எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தில் உல்லாசப் பயணிகள் குழுமி நிற்பதைக் கண்டேன். 1921 இல் கல்லும் செங்கல்லும் சீமெந்துங் கொண்டு கட்டியது அது. பாதை பதுளை சேர்ந்தது 1924 இல். அவர்களுக்குப் பின்னால் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தேயிலை. நிழற்படத்துக்கு அதைவிட நல்ல பின்னணி இல்லை. நகரிலோ முதியங்கனை விகாரை உண்டு. ஹோப்பிட்டிகமச் சந்தையின் வணிகரை அதிகாரிகளின் தொல்லையிலிருந்து காக்க 10 ஆம் நூற்றாண்டில் விதிகள் பொறித்த தூண் கல்வெட்டு உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயமும் உண்டு. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த அவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர் பெற்றவர். யானைகளைக் கொன்றவர்க்கு ஆலயமே உண்டு. மன்னாரிலிருந்து மலைநாடு வரை நடந்து வந்து வழியில் மாண்டவர்க்கும், முதற் கன்றை நட்டவர்க்கும் அந்நகரில் ஒரு கல்லையேனும் நான் கண்டதில்லை.

கல் நாட்டினாற் கடன் தீருமா என்றால், தீராது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை நல்கியது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எங்கள் மக்களைத் தேர்வெழுதச் சொல்லவில்லை என்ற அளவில் அது ஸ்பெயினின் சட்டத்திலும் மேலானது. ஆனால் குடியுரிமை வேறு, குடியிருக்கும் நிலத்துக்குரிமை வேறு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அங்கு வாழ்ந்தோர் இந்நாட்டின் முழுக் குடிமக்களாயிருந்தனர். நகர்ந்து போகச் சொந்தமாய் ஒரு துண்டு நிலம் அவர்களிடம் இருக்கவில்லை.

இவ்வளவும் பிறரை நோக்கிக் கூறினேன். என்னை நோக்கியும் ஒன்று கூறவேண்டும். ஸ்பெயினில் எவர் கேட்டாலும் “பதுளை” என்றே சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே எந்தப் பெயரும் ஒன்றுதானே எனச் சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆண்டிலும், பதுளை நகரிற் கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியையே விண்ணப்பங்களில் எழுதினேன். என்னைப் போன்றோர் இங்கே பலர் என்பதை இதனைப் படிப்போர் அறிவர். கொழுந்துக் கூடையின் கயிறு பட்டு அப்பாயியின் தலையிற் பதிந்த வடுவினால் நான் படித்தேன். அப்பயனை ஏற்றுக்கொண்டு முகவரியை மறைத்தேன். துரத்தியவனின் நகரிலே எபிரேய எழுத்துகளின் மேல் சுண்ணாம்பு பூசியவர்களை நான் எந்த முகத்தோடு கண்டிப்பது?

கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில், 2007 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது. அதனை நினைந்து, எங்கள் லயத்தையும் காக்கவேண்டுமா, இடிக்கவேண்டுமா என்று அப்பாயியிடம் கேட்டேன். கற்றவர் கேட்கும் கேள்வி அது என்பதை உடனே உணர்ந்தேன்.

“ஒடச்சிப் போட்டுட்டு நல்ல வூடா கட்டிக் குடுக்கட்டும் புள்ள. மழைக்கு ஒழுகுறத வச்சி என்னத்துக்கு அழகு பாக்கிறது?” என்றார். சற்றுப் பொறுத்து, “இந்த இஸ்தோப்புக் கல்ல மட்டும் எடுத்து வைக்கச் சொல்லு. எங்கம்மா ஒக்காந்திருந்த கல்லு” என்றார்.

டொலிடோவில் என்னோடு நடந்த தோழி, வீட்டின் படத்தை அனுப்புமாறு ஏற்கெனவே இருமுறை எழுதியிருந்தாள். அப்பாயி அக்கல்லின் மேல் அமர்ந்திருக்கும் படமொன்றை, தோட்டத்தின் பெயரும் லயத்தின் இலக்கமும் குறித்து, சென்ற மாதம் அனுப்பினேன். அவளிடமிருந்து மறுமொழி வந்துள்ளது. வீடு கட்டப்பட்ட ஆண்டு எது, கட்டியவர் யார் எனக் கேட்டிருக்கிறாள். தோட்டக் காரியாலயத்தில் விசாரித்து வருகின்றேன்.