கதவுக்கு உரியவர்

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குப் போகின்றவர்கள் அந்தக் கூரையற்ற வீடுகளைக் கண்டிருப்பார்கள். யுத்தம் ஆட்களை விரட்டியது. பின்னால் வந்தவர்கள் ஓட்டைக் கழற்றினார்கள், வளையைக் கழற்றினார்கள், கதவையும் நிலையையும் பெயர்த்தார்கள். சுவர்கள் எஞ்சின, சில இடங்களில் அவையுமில்லை. சிறுவயதில் மண்கும்பான் வெள்ளைக் கடற்கரைப் பள்ளிக்கு வாப்பாவோடு இவ்வழியால் போயிருக்கிறேன். அப்போது இவை விளக்கெரிந்த வீடுகள்.

இந்த வழியில்தான் ஓர் இளம் ஓவிய நண்பரைச் சந்தித்தேன். தீவகத்துச் சனசமூக நிலையமொன்றின் மண்டபத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து கண்காட்சியொன்றை வைக்க இருந்தார்கள். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கதவுப் பலகை கட்டப்பட்டிருந்தது. நாதாங்கி துருவேறிச் சிவந்திருந்தது.

"பாழடைஞ்ச வீட்டில கிடந்தது அண்ணை. விட்டா கறையான்தான் தின்னும்."

கறையானைப் பற்றி அவர் சொன்னது உண்மை. ஆனால் ஓடு கழற்றியவரும் இதையேதான் சொல்லியிருப்பார். இருவருக்கும் இடையில் என்ன வேறுபாடு? நிய்யத்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். நிய்யத்து எடுத்தவரின் நெஞ்சுக்குள் இருப்பது. திரும்பி வருகின்ற உரிமையாளருக்கோ கதவு இல்லாத வாசல்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வகைக் கண்காட்சிகளுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட பின்னர், 2004 இல் அங்கே 'அகம்-புறம்' என்ற கூட்டுக் கண்காட்சி நடந்தது. குடாநாட்டின் 500 வீடுகளிலிருந்து பெற்ற பொருட்களை அடுக்கித் தா. சனாதனன் தன் படைப்பை அங்கு நிறுவினார். அதில் அறம் தொடர்பான சிக்கல் குறைவு. பொருள்கள் வீட்டுக்காரர்கள் கொடுத்தவை. கொடுப்பதற்கு ஒரு கை இருந்தது, வாங்குவதற்கு ஒரு கை இருந்தது.

கொடுக்க எதுவும் இல்லாதவர் என்ன செய்வார்? 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அந்த அவகாசத்தில் யாரும் ஒரு கண்காட்சிக்கான பொருளை எடுத்துக்கொண்டு வரவில்லை. புத்தளத்து முகாம்களில் எங்களிடம் இருந்தது ஞாபகம் மட்டுமே.

சனாதனனே இதற்கொரு வழியைப் பின்னர் கண்டார் என்று நினைக்கிறேன். 2011 இல் வெளிவந்த அவரது 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலுக்காக, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம், இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என எல்லோரிடமும், விட்டுவந்த வீட்டின் வரைபடத்தைக் கேட்டார். பொருளைக் கேட்கவில்லை. அவர்கள் நடுங்கும் கோட்டில் வரைந்ததை ஒரு கட்டடக் கலைஞர் அளவான கோடுகளாக்க, அவற்றோடு ஓவியரின் சித்திரமும் சேர்ந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு, அதாவது ஆட்சி செய்தவர் தன் வசதிக்கு எழுதிய கணக்கு. இந்தத் தோம்பை எழுதியவர்கள் காணியை இழந்தவர்கள். எந்த நீதிமன்றத்திலும் இது செல்லாது. ஆயினும் யாருடைய கதவும் இதற்காகக் கழற்றப்படவில்லை.

அந்த நூலைப் பார்த்த பிறகு என் மாமியிடமும் ஒரு தாளைக் கொடுத்தேன். சோனகத் தெருவில் வாழ்ந்த வீட்டை வரையச் சொன்னேன். மண்டபமும் அறைகளும் வரவில்லை. குசினி, கிணறு, அடுத்த வீட்டுக்குப் போகும் பின்கதவு. அவ்வளவுதான். முன்வாசலை வரைய மறந்துவிட்டீர்களே என்றேன். "அதால ஆம்புளயள்தானே போறது" என்றார். ஒரு கட்டடக் கலைஞர் இதை எப்படி அளவாக்கியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நண்பரின் கதவுக்கு வருகிறேன். கண்டெடுத்த பொருளைப் பற்றி நமது ஃபிக்ஹு நூல்களில் தெளிவான சட்டம் இருக்கிறது. எடுத்தவர் அதன் அடையாளங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். சந்தையிலும் பள்ளிவாசலின் வாயிலிலும் ஒரு வருடம் அறிவிக்க வேண்டும். உரியவர் வந்தால் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அது அமானிதம். கதவுக்கு இச்சட்டம் நேராகப் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். கதவு தொலையவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. தொலைக்கப்பட்டவர் அதன் உடையவர்தான். ஆகவே நண்பரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது என்றே நான் கருதுகின்றேன். கண்காட்சி என்பது அந்த அறிவித்தலாக அமையுமென்றால், "இது யாருடையது?" என்று உரத்துக் கேட்குமென்றால், அவர் எடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. எந்த ஊர், எந்த ஒழுங்கை, கிணற்றுக்கு எந்தப் பக்கம், எப்போது எடுத்தது என்று எழுதிக் கதவின் அருகில் வையுங்கள் என்றேன். கேட்டு வந்தால் கொடுப்போம் என்றும் எழுதச் சொன்னேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்ப அது பொலிஸ் நிலையத்து அறிவித்தல் பலகை அண்ணை. பேர் போட்டா ஒரு வீட்டின்ர கதவு. பேர் போடாட்டி எல்லாற்ற கதவும்."

இதை ஒரு கலைஞரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பெயரற்ற பொருள்தான் பார்ப்பவரை உள்ளே அழைக்கிறது. எனினும் 'எல்லோருடைய இழப்பு' என்ற சொல்லோடு எங்களுக்குப் பழைய வழக்கொன்று உண்டு. வடக்கின் துயரம் என்று பொதுவாகப் பேசப்பட்ட மேடைகளில், எழுதப்பட்ட பக்கங்களில், எங்கள் வெளியேற்றம் எத்தனை ஆண்டுகள் ஒரு வரியாகவேனும் வந்தது? எல்லோரையும் ஒரே கதவுக்குள் அடக்கும்போது முதலில் வெளியே நிற்பவர் எண்ணிக்கையில் சிறியவர். சாதியால் ஒதுக்கப்பட்டவரின் குடிசைக்குக் கதவே இருக்கவில்லை என்பதையும் நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

துருவின் நிறம் அழகாக இருக்கிறது என்றும் அவர் சொன்னார். அழகாகத்தான் இருந்தது. என் கண்ணும் அதில் நின்றதை மறைக்க மாட்டேன்.

புத்தளத்துக்குத் திரும்பியதும் மாமியிடம் இக்கதையைச் சொன்னேன். கலை, கண்காட்சி என்று நான் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர்ட வீட்டுக் கதவு மகன் அது?"

"தெரியாது மாமி."

"பக்கத்து வீட்டில கேட்டவரா?"

அன்றிரவே நண்பருக்குத் தொலைபேசியில் அழைத்து இதே கேள்வியைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு வயோதிப அம்மா இருக்கிறாராம். கேட்கவில்லையாம். நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றார்.