ஒரு புதன்கிழமையின் விலை

ஜெர்மனிக்குப் போகிறீர்களா? விசா, ஸ்வெட்டர், ஊறுகாய் எல்லாம் எடுத்துவைத்தாச்சா? அப்படியே, எந்த மாநிலத்தில் தங்கப்போகிறீர்கள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு விஷயத்தில் அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம்.

நவம்பர் 1, புனிதர் அனைவருக்குமான திருநாள். மைன்ஸ் நகரில் அன்றைக்குக் கடைகள் எல்லாம் இழுத்துச் சாத்தியிருக்கும். ரைன் நதிப் பாலத்தைத் தாண்டினால் வீஸ்பாடன். அது ஹெஸ்ஸே மாநிலம். ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டால் அங்கே சாதாரண வேலை நாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பால் கிடைக்காது, அந்தப் பக்கம் கிடைக்கும். அவ்வளவுதான். மாட்டிக்கொண்டால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் கைகொடுக்கும்.

என்னை யோசிக்க வைத்தது வேறொரு நாள். நவம்பர் 16-க்கும் 22-க்கும் நடுவே வரும் புதன்கிழமை. செய்த தவறுக்கு வருந்தி ஜெபிக்க புராட்டஸ்டன்ட்கள் ஒதுக்கிய நாள். முன்பு ஜெர்மனி முழுக்க லீவு. 1995-ல், முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்க ஒரு காப்பீடு கொண்டுவந்தார்கள். சந்தா கம்பெனி பாதி, ஊழியர் பாதி. கம்பெனிகளின் செலவை ஈடுகட்ட வேண்டுமே? இந்த லீவை வெட்டினார்கள். எல்லோரும் ஒரு நாள் கூடுதலாக உழைத்தால் சரியாப்போச்சு!

சாக்சனி மாநிலம் மட்டும் லீவை விடவில்லை. பதிலுக்கு, அங்கே வேலை பார்க்கும் ஊழியரின் சம்பளத்தில் மற்ற மாநிலங்களைவிட அரை சதவிகிதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். இன்றைக்கும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். மாதம் 3,000 யூரோ சம்பளம் என்றால், கூடுதல் பிடித்தம் 15. வருஷத்துக்கு 180. அவருடைய ஒரு நாள் சம்பளமோ சுமார் 140தான். நூற்று நாற்பது பெறுமான சரக்கை நூற்றெண்பது கொடுத்து வாங்குகிறார்! இதில் இன்னொரு கூத்து, சாக்சனிக்காரர்களில் பெரும்பாலோர் எந்த சர்ச்சிலும் உறுப்பினர் இல்லை. ஜெபிக்காதவரும் ஜெப நாளுக்குப் பணம் கட்டுகிறார்.

இது நியாயமா? சம்பளமில்லா லீவு போட்டால்கூட நஷ்டம் குறைவாச்சே என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால், நீங்களும் ஏதாவது ஒரு புதன்கிழமை தனியாக லீவு போட்டிருப்பீர்கள். என்ன ஆச்சு? பிள்ளைகள் ஸ்கூலுக்கு, மனைவி ஆபீஸுக்கு. பத்து மணிக்கு மேனேஜர் போன். சாயங்காலம் பார்த்தால், வேலையும் நடக்கவில்லை, ஓய்வும் இல்லை. ஊரே சேர்ந்து கதவைச் சாத்தினால்தான் லீவு லீவாக இருக்கிறது. அதைத் தனி ஆள் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. அந்த உபரி 40 யூரோ இதற்குத்தான் என்றால், கடவுளை நம்பாதவர்கூட முணுமுணுக்காமல் கட்டலாம் என்பது என் கட்சி.

கட்சி கட்டிவிட்டேனே தவிர, ஒருத்தர் இடிக்கிறார். திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும் வேலைக்கு வரும் பகுதிநேர ஊழியர். அவர் சம்பளத்திலும் அதே அரை சதவிகிதம் பிடிக்கிறார்கள். அவருக்கு எல்லா வாரமும் புதன் லீவுதான்.