முற்றும்மை

சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அம்மன் பொங்கலுக்குக் கணக்கு வாசித்தார்கள். "எல்லாத் தலைக்கட்டும் வரி குடுத்தாச்சு." கூட்டத்தோடு நானும் தலையாட்டினேன். உண்மைதான்.

தர்க்கத்தை இலக்கணமாக்கி 1987இலிருந்து உருவாக்கப்பட்டது லோஜ்பான் என்ற செயற்கை மொழி. அன்றிரவு அந்த வாக்கியத்தை அதில் பெயர்க்க உட்கார்ந்தேன். 'ரோ' என்றால் எல்லாம். எந்த எல்லாம் என்பதை 'பொய்' என்று தொடங்கும் தொடர் வரையறுக்கும். (நம் பொய்யோடு உறவில்லை, ஒலி மட்டும்தான்.) அங்கே நின்றுபோனேன். தலைக்கட்டு யார்? கல்யாணமான ஆண். விதவையான என் சித்தி கணக்கில் வரமாட்டாள், சலுகை என்பார்கள். அப்புறம், ஊர்க்காரன். ஊர் என்றால் காலனி சேராது. காலையில் அங்கிருந்து பணத்தோடு வந்தவர்களிடம் வரி வாங்க மறுத்ததை நானும் பார்த்தேன். வாங்கிவிட்டால் கோயிலில் பங்கு உண்டென்றாகிவிடுமே.

நன்னூல் 'உம்'முக்கு முற்று, எச்சம் என்று இரண்டு பொருளும் சொல்கிறது. கணக்கில் வாசித்தது முற்றும்மை. எச்சம் 'தலைக்கட்டு' என்ற பெயருக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. லோஜ்பான் யோக்கியமான மொழி என்று சொல்லவரவில்லை. தலைக்கட்டுக்கு ஒரு சொல்லைப் புனைந்துகொண்டால் அங்கும் மறைக்கலாம். அப்படியொரு சொல் கைவசம் இல்லாததால் நான் விரித்து எழுத வேண்டியதாயிற்று.

காலனியில் எத்தனை பேர் கட்டாமல் நின்றாலும் அந்த வாக்கியம் பொய்க்காது. நான் ஒருவன் கட்டாவிட்டால் பொய்த்துவிடும். இந்த வருஷத்து வரியை இன்னும் கட்டவில்லை.