பக்கத்துப் பாடு

(பழவேற்காடு, கோட்டைக்குப்பத்து ஏரிக்கரை. குரு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சீடன், சுத்து வலைக்காரர் வீட்டுப் பையன். கல்யாணமாகித் தலைக்கட்டு ஆனவன். ஐஸ் பெட்டியில் தவிர பனிக்கட்டியையே பார்த்திராத இவனுக்குப் பனிச்சறுக்கு நடனத்தின் மேல் ஆசை எப்படி வந்ததென்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. கைப்பேசிதான் காரணமாக இருக்க வேண்டும்.)

சீடன்: அய்யா, ஒரு சந்தேகம். ஜப்பான்காரர் யுசுரு ஹன்யூ, ஸ்பெயின்காரர் ஹாவியர் ஃபெர்னாண்டஸ். ரெண்டு பேரும் டொராண்டோவில் ஒரே கிளப்பில், பிரையன் ஆர்சர் என்ற ஒரே ஆசானிடம் வருஷக்கணக்கில் பழகியவர்கள். 2014இல் உலகப் பட்டம் ஹன்யூவுக்கு. 2015இல் ஷாங்காயில் அது ஃபெர்னாண்டஸுக்குப் போனது. வித்தியாசம் மூன்று புள்ளிகூட இல்லை. 2016இல் பாஸ்டனில் முதல் பகுதி முடிந்தபோது ஹன்யூ பன்னிரண்டு புள்ளி முன்னால் இருந்தார். இரண்டாம் பகுதியில் ஃபெர்னாண்டஸ் அவரைத் தாண்டி மறுபடி பட்டம் வாங்கினார். இத்தனைக்கும் பிறகு இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். நட்பா, நடிப்பா?

குரு: நடிப்பென்று நினைக்க உனக்கு என்ன காரணம்?

சீடன்: என் கையில் இருக்க வேண்டியது அவன் கையில் இருக்கிறது. அவன்மேல் எனக்கு எப்படிப் பிரியம் வரும்? வள்ளுவர்கூட நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரம் வைத்தவர், அழுக்காறாமையை அங்கிருந்து வெகுதூரம் தள்ளி அறத்துப்பாலில் வைத்துவிட்டார். ரெண்டும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருக்குமென்று அவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

குரு: வள்ளுவர் வரிசையை வைத்து வழக்காடாதே. ஆனால் நம் பழைய நட்புக் கதைகளில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அது உண்மை. கோப்பெருஞ்சோழன் அரசன், பிசிராந்தையார் புலவர். நேரில் பார்க்காமலே நண்பர்கள். சோழன் வடக்கிருந்தபோது புலவர் தேடி வந்து கூடவே உயிர்விட்டார் என்பது பெரிய காரியம், மறுக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒரே தொழில் இல்லை, ஒரே ஊர் இல்லை, ஒரே பரிசிலுக்கு நின்றதில்லை. காலையில் எழுந்ததும் எதிரே ஒருத்தன் தன்னைவிட நன்றாகச் செய்வதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்ததா? உன் ஹன்யூவுக்கு இருந்தது. உனக்கும் இருக்கிறது.

சீடன்: எனக்கா?

குரு: வலை கட்ட இடம் எப்படிக் கிடைக்கிறது உனக்கு?

சீடன்: பாடுதான். சீட்டு எடுக்கிறோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்று ஊரும் முறை வைத்து இறங்குகிறோம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓட்டம் நல்லாயிருக்கும், இறால் அங்கேதான் படும். எல்லாரும் அங்கேயே நின்றால் வெட்டுக்குத்துதான். அதனால் இன்றைக்கு நல்ல இடம் எனக்கு வந்தால் அடுத்த முறை வேறொருத்தருக்கு.

குரு: பட்ட இறாலையும் பங்கு போடுகிறீர்களா?

சீடன்: அது எப்படி? என் வலையில் பட்டது எனக்கு.

குரு: அங்கேதான் நிற்க வேண்டும் நீ. வெளியூரிலிருந்து பாடு பற்றி எழுத வருகிறவர்கள் சமத்துவம், பகிர்வு என்று நெகிழ்ந்துபோய் எழுதுவார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அதெல்லாம் சரி. ஆனால் பாடு போட்டியை ஒழிக்கவில்லை. இடத்துக்கான சண்டையை மட்டும் எடுத்துவிட்டது. ஒரே ஓட்டம், ஒரே இரவு. ஒருத்தன் கூடை நிறைகிறது, இன்னொருத்தன் கூடை பாதியில் நிற்கிறது. இடத்தின்மேல் பழி போட வழியில்லாததால் கைக்குக் கை தெரிந்துவிடுகிறது. போட்டி அங்கேதான் சுத்தமாக ஆரம்பிக்கிறது.

சீடன்: பனித்தளத்தில் சீட்டு இல்லையே, அய்யா.

குரு: நீதானே காட்டினாய் அந்தப் பயிற்சிப் படத்தை. நாலைந்து பேர் ஒரே தளத்தில் சறுக்குகிறார்கள். யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ அவருக்கு வழி. மற்றவர்கள் ஓரம் ஒதுங்க வேண்டும். அந்த நாலு நிமிஷம் தளம் அவருடையது. பாட்டு மாறினால் முறை மாறும். காலில் கட்டியிருப்பது கத்தி. வழி விடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீதான் சொன்னாய்.

சீடன்: 2014 நவம்பர், ஷாங்காய். போட்டிக்கு முன் ஆறு நிமிஷப் பயிற்சி நேரம். அதில் யாருடைய பாட்டும் கிடையாது, எல்லாரும் ஒரே சமயத்தில் சுற்றுவார்கள். ஹன்யூவும் சீன வீரர் யான் ஹானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். ஹன்யூவுக்குத் தலையிலும் தாடையிலும் அடி, ரத்தம். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து சறுக்கினார். ஐந்து தடவை விழுந்தார், வெள்ளி வாங்கினார். அன்றைக்கு அவரைச் சறுக்க விட்டிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

குரு: என் எண்ணமும் அதுதான். ஆக, பக்கத்தில் இருப்பவன் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்புவான் என்று உடம்புக்கே தெரிந்திருந்தால்தான் அந்தத் தளத்தில் தினமும் பிழைக்க முடியும். வருஷக்கணக்கில் ஒருத்தனுக்கு வழி விடுவதும் அவன் வழி விடுவான் என்று நம்பி முதுகைக் காட்டித் தாவுவதும் ஒரு பழக்கம். மனசில் பிரியம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதற்கு முன்பே அந்தப் பழக்கம் வந்துவிடுகிறது. நட்பின் பாதி அதுதான் என்பேன்.

சீடன்: ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாடு முறையில் இன்றைக்குத் தோற்றால் அடுத்த முறை எனக்கு நல்ல இடம் வரும். அந்த நம்பிக்கையில்தான் பக்கத்தில் வலை கட்டும் மச்சானைப் பார்த்து என்னால் சிரிக்க முடிகிறது. ஒலிம்பிக் தங்கம் முறை வைத்தா வருகிறது? வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கான்டனில் ரெண்டு ஜோடிகள் சேர்ந்து பழகினார்கள். கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சூ – ஸ்காட் மோயர், அமெரிக்காவின் மெரில் டேவிஸ் – சார்லி வைட். 2010 வான்கூவரில் முதல் ஜோடிக்குத் தங்கம், இரண்டாவதற்கு வெள்ளி. 2014 சோச்சியில் அப்படியே தலைகீழ். பார்த்தால் பாடு மாதிரியே இருக்கிறது!

குரு: மயங்காதே. அது முறையில்லை, அப்படி விழுந்தது. 2018இல் என்ன நடந்தது? வெர்ச்சூ – மோயர் மான்ட்ரியலுக்கு இடம் மாறினார்கள். அங்கேயும் பிரான்சின் பபடாகிஸ் – சிசெரோன் ஜோடி அதே ஆசான்களிடம் பழகிக்கொண்டிருந்தது. பியோங்சாங்கில் 0.79 புள்ளியில் கனடாவுக்குத் தங்கம். நாலு வருஷ உழைப்புக்கு நடுவே ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பிரெஞ்சு ஜோடிக்கு அடுத்த முறை உனக்கு என்று யாரும் சீட்டு எழுதித் தரவில்லை. நீ சொல்வது சரி. தோல்வி தோல்விதான், அதைப் பாடு தீர்க்காது.

சீடன்: அப்படியானால் என் கேள்வி அப்படியே நிற்கிறது.

(குரு எழுந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். பதில் உடனே வராதபோது அவருக்குத் தாகம் எடுக்கும்.)

குரு: 2015 ஷாங்காயில் தோற்ற பிறகு ஹன்யூ என்ன செய்தார்?

சீடன்: அந்த நவம்பரில் நாகானோவில் 322.40. முந்நூறைத் தாண்டிய முதல் ஆள் உலகத்திலேயே அவர்தான். ரெண்டு வாரத்தில் பார்சிலோனாவில், ஃபெர்னாண்டஸின் சொந்த நாட்டில், 330.43. ஃபெர்னாண்டஸ் அங்கே இரண்டாவது. அடுத்த மார்ச்சில்தான் பாஸ்டன். ஃபெர்னாண்டஸ் 314.93.

குரு: ஒருத்தரை ஒருத்தர் மேலே தள்ளினார்கள் என்று சொல்லலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் எனக்குத் திருப்தியில்லை. எதிரிகூட உன்னை மேலே தள்ளுவான். அதற்கு நண்பன் தேவையில்லை. வேறொன்று பார். உன் இறாலை வாங்கும் வியாபாரி எதைப் பார்க்கிறான்?

சீடன்: எடையை. எண்ணிக்கையை, கிலோவுக்கு எத்தனை என்று.

குரு: பனிவாடை ராத்திரியில் நீ இடுப்பளவு தண்ணீரில் நின்றதை?

சீடன்: அவனுக்கென்ன?

குரு: யாருக்குத் தெரியும் அது?

சீடன்: பக்கத்துப் பாட்டில் நின்றவனுக்கு.

குரு: நடுவருக்கு அந்த நாலு நிமிஷம்தான் தெரியும். அரங்கத்துக்கும் அதுதான். ஒரு தாவலுக்காக விடிகாலையில் எத்தனை தடவை விழுந்தான், எந்த வாரம் கணுக்கால் வீங்கியது, எந்த நாள் விட்டுவிட்டுப் போய்விடலாமென்று ஓரமாக உட்கார்ந்திருந்தான் என்பதெல்லாம் கூடப் பழகுகிறவனுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு வருத்தம் தெரியும், வேலை தெரியாது. ஆசானுக்கு வேலை தெரியும், ஆனால் அவர் உடம்பு இப்போது அதைச் செய்வதில்லை. ரெண்டும் தெரிந்த ஒரே சாட்சி போட்டியாளன். அவன் ஜெயித்தாலும் உன் உழைப்புக்குச் சாட்சி அவன்தான். அந்தச் சாட்சியை வெறுத்துத் தொலைத்துவிட்டால் உன் வாழ்க்கையின் பெரும்பகுதி யாரும் பார்க்காததாகப் போய்விடும்.

சீடன்: பியோங்சாங்கில் ஹன்யூவுக்குத் தங்கம், ஃபெர்னாண்டஸுக்கு வெண்கலம். இதுதான் என் கடைசி ஒலிம்பிக் என்று ஃபெர்னாண்டஸ் சொன்னதும் ஹன்யூ அழுதார். ஜெயித்தவன் ஏன் அழுகிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

குரு: இப்போது?

சீடன்: இனி விழுந்தால் எண்ண ஆளில்லை.

குரு: அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. இருக்கும். இருந்துகொண்டே அழுதிருப்பார்.

சீடன்: இன்னொன்று உறுத்துகிறது, அய்யா. சாட்சி, நட்பு எல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத்தானே? பாடு முறையில் பட்டினவர் ஊர்களுக்கு உரிமை, அதிலும் கல்யாணமான ஆண்களுக்கு. இருளர் ஆணும் பெண்ணும் சேற்றில் தவழ்ந்து கையால் இறால் தடவி எடுக்கிறார்கள். எங்களைவிட அவர்களுக்கு இந்த ஏரி தெரியும். சீட்டில் அவர்கள் பேர் இல்லை.

குரு: இல்லை. அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. டொராண்டோ கிளப்பின் கதவும் எல்லாருக்கும் திறந்ததல்ல. பனித்தள வாடகை, ஆசான் சம்பளம், காலணி, விமானச் சீட்டு என்று கொடுக்க முடிந்தவர்களில் பொறுக்கப்பட்டவர்களே அங்கே ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் நாகரிகம் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் செலவில் நடக்கிறது. இங்கேயும்தான். முகத்துவாரம் மணல் மேடிட்டு ஓட்டம் குறையும் வருஷங்களில் சீட்டில் பேர் உள்ளவர்களே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதை நீயும் பார்த்திருப்பாய். தண்ணீர் வற்றினால் முறையும் வற்றும்.

சீடன்: ஆசான் நிலைமை என்ன? போட்டி போடும் ரெண்டு பேருக்கும் அவரே ஆசான். யார் ஜெயிக்க வேண்டுமென்று மனசுக்குள் இருக்காதா?

குரு: சோச்சியில் அந்தக் கான்டன் ஜோடிகள் ரெண்டுக்கும் ஆசானான மரீனா ஸுவேவா, கனடா ஜோடியோடு உட்காரும்போது கனடா மேலங்கியும் அமெரிக்க ஜோடியோடு உட்காரும்போது அமெரிக்க மேலங்கியும் போட்டுக்கொண்டாராம். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது நேர்மையாகவே பட்டது. மனசில் என்ன இருந்தது என்று தெரியாது, சட்டையையாவது மாற்றினார். நாற்பது பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கும் ஒருத்தன் கூடப் பிடித்தவனாக இருப்பான். பெயர் கேட்காதே.

சீடன்: கேட்கவில்லை. கடைசியாக ஒன்று. கூடப் பழகுகிறவனிடம் வித்தையை மறைக்கலாமா? சதுரங்கம் ஆடும் நம் சென்னைப் பிள்ளைகள் குகேஷும் பிரக்ஞானந்தாவும் வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஒரே அணியில் தங்கம் வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் விய்க் ஆன் ஸீ போட்டியில் ரெண்டு பேரும் கடைசிச் சுற்றில் தோற்று, சமமாக நின்று, டைபிரேக்கில் மோதினார்கள். குகேஷ் அப்போது உலக சாம்பியன், பிரக்ஞானந்தா ஜெயித்தார். சதுரங்கத்தில் தயார் செய்து வைத்த நகர்வை முன்கூட்டிச் சொன்னால் ஆட்டமே போச்சு.

குரு: சதுரங்கத்தில் மறைக்க முடியும், ஏனென்றால் அது தலைக்குள் இருக்கிறது. பனியில் முடியாது. ஹன்யூ ஏன் டொராண்டோவுக்குப் போனார்?

சீடன்: ஃபெர்னாண்டஸின் நாலு சுற்று சால்கோ தாவல் ஒரு காரணம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழக வேண்டும் என்று.

குரு: ஃபெர்னாண்டஸ் அதை ஒளித்து வைத்துப் பயிற்சி செய்ய முடியுமா? எதிரே தாவித்தான் ஆக வேண்டும். சரி, நீ யாரிடம் எதை மறைக்கப் பார்க்கிறாய்? ஹன்யூவுக்காக இந்தக் கேள்வி வந்த மாதிரி தெரியவில்லை.

சீடன்: மச்சானிடம்தான். ஓட்டம் திரும்புகிற நேரம் எனக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிடிபடும். அவன் கேட்டான். பாதி சொன்னேன்.

குரு: மீதி?

சீடன்: நான் வலையில் கை வைக்கிற நேரத்தை அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

குரு: நீ அவனிடமிருந்து ஒன்றும் எடுக்கவில்லையா?

சீடன்: கம்பு ஊன்றுவதை எடுத்தேன். அவன் ஊன்றினால் எந்த ஓட்டத்திலும் சாயாது.

குரு: சொல்லித் தந்தானா?

சீடன்: கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டான்.