பற்றும் கடமையும்

ஜூரோங் வட்டாரக் காப்பிக்கடைகளில் வாரயிறுதிதோறும் காற்பந்து வாதம் சூடு பிடிக்கும். எந்தப் பயிற்றுவிப்பாளர் நீக்கப்பட்டார், எந்த ஆட்டக்காரர் எத்தொகைக்கு விலைபோனார் என்பதே பேச்சு. பணம் விளையாட்டைக் கெடுத்துவிட்டது என்பது ரசிகர்களின் முடிவு. அம்முடிவு முற்றும் சரியா?

ஆட்டக்காரருக்குக் கால்களே முதல். இளமையே அறுவடைக் காலம். சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்கும் மலேசியாவின் கெடாவுக்கும் ஆடினார். அதனைத் துரோகம் எனல் தகுமோ? உழைப்புக்கு ஊதியம் பெறுவது அறமே.

ரசிகரோ ஊதியம் பெறுவதில்லை; அணி மாறுவதுமில்லை. அவருடைய பற்றை முதலாளி விலைபேசுவதுதான் அறமன்று. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள் தமக்கெனத் தனிப்போட்டி காண முனைந்தன. ரசிகர்கள் கொதித்தெழுந்தனர்; இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் இரண்டே நாளில் பின்வாங்கின. பற்றுக்கும் வலிமையுண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

ஆயினும், பற்றுக்குக் கடமையும் உண்டு. ஜூரோங்கின் பெயர் தாங்கிய கழகம் 2003ஆம் ஆண்டுப் பருவத்தோடு எஸ்-லீக்கைவிட்டு விலகியது. தொலைதூரக் கழகங்களுக்காக இரவெல்லாம் விழித்திருந்தோருள் எத்தனை பேர் அதன் ஆட்டங்களைக் காணச் சென்றிருப்பர்? வணிகத்தைப் பழிக்கும் நா இவ்வினாவுக்கும் விடை கூற வேண்டும். அருகிலுள்ளதைப் பேணாதவர், தொலைவிலுள்ளது விலைபோயிற்று என வருந்துவதில் பொருளில்லை.