கலக்க எவ்வளவு நேரம்?

"சார், கலக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

மீத்தேன் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் வழக்கமான நான்கு கட்டங்கள், உள்ளே மேலும் கீழுமாக அம்புகள். கார்பனின் 2எஸ்-இல் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களில் ஒன்று காலியாக இருக்கும் 2பி-க்கு ஏறுகிறது. பிறகு ஒரு எஸ்ஸும் மூன்று பி-யும் கலக்கின்றன. பிறகு நான்கு ஹைட்ரஜன்கள் வந்து சேர்கின்றன. முதலில், பிறகு, பிறகு. இருபது வருடமாக இதே வரிசைதான். இரண்டாம் பெஞ்சுப் பெண் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. "ரொம்ப வேகமா நடக்கும்மா" என்று சொல்லிவிட்டு அம்மோனியாவுக்குத் தாவிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் காப்பி குடித்தும் அந்தப் பதில் இறங்கவில்லை.

*

நான்முகி முதலில் வந்தது. கலப்பு பின்னால் வந்தது.

1874-இல் ஹாலந்தில் வான்ட் ஹாஃப் என்ற 22 வயது இளைஞரும், பாரிஸில் லெ பெல் என்பவரும் ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கார்பனின் நான்கு கைகளும் தட்டையாக விரியவில்லை, நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன. வான்ட் ஹாஃப் அட்டையை வெட்டி ஒட்டி நான்முகிகள் செய்து மற்ற வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். எலக்ட்ரான் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு இருபது வருடத்துக்கும் மேல் முன்னால்! கத்தரிக்கோலும் பசையும் கொண்டு எட்டிய உண்மை.

அப்புறம் குவாண்டம் இயக்கவியல் வந்து குழப்பியது. அதன் கணக்கில் மூன்று பி ஆர்பிட்டால்களும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்கின்றன. எஸ் உருண்டை, அதற்குத் திசையே இல்லை. நான்முகியின் 109.5 பாகை எங்கிருந்து வரும்? கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங் 1931-இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கை ஒரு துணிச்சலோடு சுருக்கினார். எஸ், பி இரண்டும் கருவிலிருந்து விலக விலக எப்படி மங்குகின்றன என்ற வேறுபாட்டைத் தள்ளிவிட்டு, திசையை மட்டும் வைத்துக்கொண்டார். பிணையும் வலிமைக்கு அவர் வைத்த அளவுகோலில் எஸ்ஸுக்கு 1, பி-க்கு 1.732. நான்கையும் சேர்த்து எழுதினால் கிடைக்கும் எஸ்பி3-க்குச் சரியாக 2. நான்கும் நான்முகியின் மூலைகளைப் பார்த்து நிற்கின்றன. அதே வருடம் ஜான் ஸ்லேட்டரும் தனியாக அங்கேதான் வந்து சேர்ந்தார்.

சேர்த்து எழுதினால். எழுதினால் என்றுதான் இருக்கிறது. நடந்தால் என்று இல்லை.

*

மனை பார்க்க வருகிறவர் ஈசானி மூலை என்பார். வடக்கையும் கிழக்கையும் ஒரே உரலில் போட்டு இடித்து யாரும் வடகிழக்கைச் செய்யவில்லை. அதே மண், அதே வெயில். நேராக நின்றவர் கொஞ்சம் திரும்பி நின்றார், அவ்வளவுதான். அப்படித் திரும்பியது வேலைக்கு வசதியாக இருந்தது.

எஸ்பி3 அப்படித்தான். நான்கு ஆர்பிட்டால்களைக் கொடுத்தால் நான்கு திரும்பி வருகின்றன, கூடாது, குறையாது. எலக்ட்ரான்களின் மொத்தப் பரவலும் இம்மிகூட மாறாது. இந்தத் திருப்பத்துக்கு ஆகும் நேரம், பென்சிலால் ஒரு வரி எழுத ஆகும் நேரம்.

*

இட்லி மாவு உவமையை விட்டுவிட வேண்டும். எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அரைத்த மாவிலிருந்து உளுந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மீத்தேனில் எடுக்க முடிகிறது.

ஒளியெலக்ட்ரான் நிறமாலை என்று ஒரு முறை உண்டு. ஆற்றல் மிகுந்த கதிரைப் பாய்ச்சி, ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க என்ன செலவாகிறது என்று அளப்பார்கள். நான்கு பிணைப்பும் ஒரே மாதிரி என்றால் ஒரே விலைதான் இருக்கும் என்று நம் மாணவர்கள் பந்தயம் கட்டுவார்கள். மீத்தேனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களுக்கு வருவதோ இரண்டு விலை: ஆறு எலக்ட்ரான்களுக்கு 14 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, மீதி இரண்டுக்கு 23-ஐ ஒட்டி. பி மூன்றும் ஒரு பக்கம், எஸ் ஒரு பக்கம்.

நான்கு பிணைப்பும் ஒன்றுபோல என்பதும் பொய்யில்லை. நான்கின் நீளமும் 1.09 ஆங்ஸ்ட்ராம்தான். ஆனால் எந்தப் பிணைப்பிலிருந்து எலக்ட்ரான் போனது என்று கேட்டால் பதில் இல்லை. இழப்பு நான்கிலும் சேர்ந்தே விழுகிறது.

*

அப்படியானால் கலப்பு வெறும் கதையா? கதை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஆய்வகத்தில் கார்பைடு கல் இருக்கிறதே.

சோதனைக்குழாயில் சுண்டல் அளவு கல், மேலே நாலு சொட்டுத் தண்ணீர். நுரைத்துச் சுடும், அசிட்டிலீன் வாயு கிளம்பும். பூண்டு நெடி வீசும். அது அசிட்டிலீனின் நெடி இல்லை, கல்லில் இருக்கும் பாஸ்பைடு அழுக்கால் வரும் பாஸ்பீனின் நெடி. வாயுவை மயில்துத்தக் கரைசல் வழியே விட்டு அதைக் கழித்துவிட்டு, அம்மோனியா சேர்த்த சில்வர் நைட்ரேட்டுக்குள் விட்டால் வெள்ளையாகத் திரண்டு இறங்கும். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் வெள்ளி வந்து உட்கார்ந்துவிட்டது. (காய்ந்தால் லேசாகத் தட்டினாலே வெடிக்கும், ஈரமாக இருக்கும்போதே நீர்த்த அமிலம் ஊற்றி அழித்துவிட வேண்டும்.) எத்திலீனை அப்படி விட்டுப் பாருங்கள், குமிழி வரும், போகும்.

ஏன்? அசிட்டிலீனின் கார்பன் எஸ்பி. பாதிக்குப் பாதி எஸ். எஸ் கருவை ஒட்டி நிற்பது, ஆகவே கார்பன் எலக்ட்ரான்களை இறுகப் பிடிக்கிறது, ஹைட்ரஜன் கழன்றுகொள்ள இசைகிறது. எத்திலீனில் எஸ் மூன்றில் ஒரு பங்கு, ஈத்தேனில் கால் பங்கு.

என்னை இன்றும் அசத்துவது இன்னொன்று. காந்த ஒத்ததிர்வில் கார்பன்-13, தன் ஹைட்ரஜனோடு எவ்வளவு பிணைந்து பேசுகிறது என்பதை ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள். ஈத்தேனில் 125, எத்திலீனில் 156, அசிட்டிலீனில் 249. ஐந்தால் வகுத்தால் 25, 31, 50. எஸ் பங்கின் சதவீதம் ஏறக்குறைய அப்படியே வந்து நிற்கிறது. காகிதத்தில் திரும்பி நின்றவனுக்குக் கருவி தலையாட்டுகிறது.

*

கந்தகத்தை மட்டும் இதில் இழுக்காமல் இருந்திருக்கலாம். தண்ணீரில் கோணம் 104.5; எஸ்பி3 கொஞ்சம் நசுங்கியது என்று ஒப்பேற்றலாம். ஹைட்ரஜன் சல்பைடில் 92. கிட்டத்தட்ட பி-க்களின் செங்கோணம். அங்கே 3பி பெரிதாகப் பரந்து, 3எஸ் உள்ளே ஒடுங்கி, இரண்டும் நன்றாக ஒட்டுவதில்லை. பாலிங் தள்ளிவைத்த வேறுபாடு இங்கே வட்டியோடு திரும்பி வருகிறது. அதற்கும் எஸ்பி3 என்று பலகையில் எழுதியவன் நான்.

தண்ணீருக்கு வரையும் முயல் காதுகளும் அப்படியே. தனித்த இரட்டைகள் இரண்டும் சமம் போல வரைகிறோம். பிய்த்தெடுக்க ஒன்றுக்கு 12.6 எலக்ட்ரான் வோல்ட், அடுத்ததற்கு 15-க்குக் கொஞ்சம் குறைவு.

*

திங்கட்கிழமை அவளிடம் ஈசானி மூலையைச் சொல்ல வேண்டும்.

தேர்வு வினா எப்போதும்போலத்தான் வரும்: மீத்தேனில் நிகழும் இனக்கலப்பை விளக்குக, 5 மதிப்பெண். முதலில், பிறகு, பிறகு என்று எழுதியிருப்பார்கள். குறைக்கப்போவதில்லை. நான் சொல்லிக்கொடுத்த வரிசை அது.